தனியாகப் போகிறவன்

விமானத்துக்குள் ஏறியதும் அவர்கள் பிரிய வேண்டியிருந்தது. லாக்லனுக்கு முன்பக்கத்தில் நாலாவது வரிசை. அவன் மனைவி பிரீக்குக் கடைசிக்கு முந்தின வரிசை. டிக்கெட் போட்டதே தாமதம். சுரங்க ஊரான மவுண்ட் ஐசாவிலிருந்து பிரிஸ்பேன் போகிற அந்த விமானம் முழுக்கச் சுற்று வட்டாரச் சுரங்கங்களில் வேலை முறை முடிந்து வீடு திரும்புகிறவர்களால் நிறைந்திருந்தது. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. சேர்ந்தாற்போல் இடம் கிடைக்குமா என்று கவுண்டரில் ஒரு வார்த்தை கேள் என்று பிரீ காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். லாக்லனுக்கு யாரிடமும் எதையும் கேட்பது பிடிக்காது. ரெண்டு மணி நேரம்தானே என்று சொல்லிவிட்டான். மடியில் வைத்துக்கொள்ளும் வயதுதான் என்பதால் குழந்தை மேஸிக்குத் தனி இருக்கை இல்லை. அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்தபடி அவள் அப்பாவைக் கடந்து பின்னால் போனாள்.

"பெல்ட் லைட் அணைஞ்சதும் வந்து வாங்கிக்கோ. பாதி தூரம் நான், பாதி தூரம் நீ," என்று போகிற போக்கில் பிரீ சொன்னாள். அவன் தலையாட்டினான்.

இந்தப் பயணம் யாருக்காக என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. கடற்கரை ஊரில் இருக்கும் பிரீயின் அக்கா டாம்சின் வீட்டுக்கு மூன்று நாள். குழந்தை பிறந்த பிறகு பிரீ ஊர் எல்லையைத் தாண்டியதே கிடையாது. இரவெல்லாம் சுரங்கத்தில் பாறை லாரி ஓட்டிவிட்டு வருகிறவன் தூங்க வேண்டுமே என்று தங்கள் வீட்டில் பகலிலும் திரைகளை இழுத்தே விட்டிருப்பாள். குழந்தை சத்தம் போட்டுவிடக் கூடாது என்று வெயிலோடு வெயிலாக அதைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவையே சுற்றிச் சுற்றி வருவாள். ஒரு மாதத்துக்கு முன்பே மேஸிக்கு மஞ்சள் நிறத்தில் நீச்சலுடை வாங்கி, அதைப் போட்டுச் சமையலறையில் நடக்கவிட்டுப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பியிருந்தாள். குழந்தை இன்னும் கடலைப் பார்த்ததில்லை.

ஜன்னல் ஓரத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அகன்ற விளிம்புத் தொப்பி மடியில் இருந்தது. பெயர் நெவில் என்றார். மாட்டுப் பண்ணையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு இப்போது மீன் பிடிப்பதைத் தவிர வேறு உத்தியோகம் இல்லை என்றும், கண்ணைக் காட்டிவிட்டு வரப் பிரிஸ்பேன் போவதாகவும் சொன்னார். நார்மன் ஆறு கடலில் விழுகிற இடத்தில் போன மழைக்காலத்துக்குப் பிறகு அகப்பட்ட கொடுவா மீனைப் பற்றி ஆரம்பித்தார். லாக்லனுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பு நண்பர்களோடு அங்கே கூடாரம் போட்டுக் கிடந்தவன் அவன். தூண்டில் கழிகள் இப்போது கொட்டகையில் தூசி படிந்து கிடக்கின்றன. எந்தத் திருப்பத்தில் மீன் நிற்கும், எந்தத் தண்ணீரில் கடிக்கும் என்று அவனும் சொன்னான். பெரியவர் அவன் சொன்னதை மதித்துக் கேட்டார். பால் புட்டி, பல் முளைப்பு, தூக்கம் இவற்றைத் தவிர வேறொன்றைப் பற்றி இவ்வளவு நேரம் பேசி எத்தனை நாளாயிற்று என்று லாக்லன் நினைத்தான்.

"தனியாவா தம்பி போறே?" என்று கேட்டார் பெரியவர்.

"ஆமா."

ஏன் அப்படிச் சொன்னான் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறான். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. இந்த வரிசையில் தனியாகத்தானே இருக்கிறோம் என்பதுபோல் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. வந்த பிறகு அதைத் திருத்தவும் தோன்றவில்லை. தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

விமானம் மேலே ஏற ஏற, பின்னாலிருந்து அழுகை கேட்டது. மேஸிதான் என்று முதல் வீறலிலேயே தெரிந்துவிட்டது. காது அடைத்துக்கொண்டிருக்கும், போன வாரம்தான் சளி விட்டிருந்தது. பெல்ட் விளக்கு அணைந்தது. எழ வேண்டும் என்று நினைத்தான். பெரியவர் கதையின் நடுவில் இருந்தார், முடியட்டும் என்று உட்கார்ந்தான். முடிவதற்குள் தள்ளுவண்டி வந்து நடைவழியை அடைத்துக்கொண்டது. தேநீர் வாங்கிக்கொண்டான். குடித்து முடித்ததும் போகலாம். வண்டி எப்போதோ கடந்து போய்விட்டது. கோப்பையின் அடியில் ஆறிப்போன இரண்டு மிடறு தேநீரை அவன் குடிக்காமலே வைத்திருந்தான்.

அழுகை ஓய்வதாக இல்லை. எதிர்ப்பக்கத்துப் பெண் உதட்டைச் சுழித்துக்கொண்டு காதில் எதையோ மாட்டினாள். முன்வரிசைக்காரன் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தான். ஒவ்வொரு தலை திரும்பும்போதும் லாக்லனுக்கு முதுகு கூசியது. எழுந்து போனால் இத்தனை கண்களும் தன்மேல் திரும்பும் என்று தோன்றியது.

"யாரு பெத்ததோ, தொண்டை நல்லா இருக்கு," என்றார் பெரியவர். கேலியாகத்தான் சொன்னார். "அப்பன்காரன் என்னதான் பண்றான்?"

லாக்லன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "சில பேரு இப்படித்தான். அடக்கத் தெரியலன்னா புள்ளைய வீட்டுலயே வச்சுக்கணும்."

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தான். பெரியவர் சிரிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, அழுகை பின்னாலிருந்து கேட்கவில்லை. காதருகே கேட்டது. திரும்பினான். பிரீ நடைவழியில் பின்பக்கமாக நடந்து போய்க்கொண்டிருந்தாள். குழந்தையை அவனிடம் கொடுப்பதற்காக இருக்கைவரை வந்து நின்றுவிட்டுத்தான் போகிறாள். அம்மாவின் தோளுக்கு மேலாக மேஸி அவனைப் பார்த்துவிட்டாள். முகமெல்லாம் சிவந்து, மூக்கு ஒழுகி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவள் ஒரு கணம் அழுகையை நிறுத்தினாள். கையை அவனை நோக்கி நீட்டினாள். நீட்டிய கை அப்படியே தூரமாகிக்கொண்டே போயிற்று.

இஞ்சின் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்துப் பார்த்தான். கேட்காவிட்டால் ஏன் திரும்பிப் போகிறாள்? உடனே பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். ஆனால் எழுந்தால் பெரியவருக்குத் தெரிந்துவிடும். அரை மணிக்கு முன்பு யாரென்றே தெரியாத ஒரு மனிதர், நாளை முகம்கூட நினைவிருக்காது. அவர் முன்னால் கௌரவம் போய்விடக் கூடாது என்று, பெல்ட்டுகூடப் போடாத இடுப்போடு கட்டிப்போட்டவன்போல உட்கார்ந்திருந்தான்.

சற்று நேரத்தில் பெரியவர் கழிவறைக்குப் போக வழி கேட்டார். எழுந்து வழிவிட்டான். அவர் வந்ததும் போய்விட வேண்டும், என்ன ஆனாலும் சரி என்று உறுதி செய்துகொண்டான். அவர் வர நேரமாயிற்று. இடையில் அழுகை நின்றது. திரும்பி வந்து உட்கார்ந்தவர் தொப்பியை எடுத்து விளிம்பில் இருந்த ஈரத்தைத் துடைத்தார்.

"பாவம் தம்பி அந்தப் பொண்ணு. சட்டையெல்லாம் பாலைக் கக்கி வச்சிருக்கு. கழுவிட்டு வாம்மான்னு நான் கொஞ்ச நேரம் வாங்கி வச்சிருந்தேன். என் தொப்பியை விடவே மாட்டேன்னுடுச்சு குட்டி." அவர் குரல் மாறியிருந்தது. "அப்பன்காரனைப் பத்தி முன்னாடி ஏதோ சொன்னேன் பாரு, தப்பு. உன் வீட்டுக்காரர் எங்கேம்மான்னு கேட்டேன். அவரு வரலைங்க, நான் மட்டுந்தான்னு சொல்லிச்சு."

லாக்லனுக்குக் காது மடல் சுட்டது. அவர் சொன்னது காதில் விழவில்லை என்பதுபோல் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினான். பிரீ பொய் சொல்லத் தெரியாதவள். கடைக்காரன் மீதிச் சில்லறை கூடக் கொடுத்துவிட்டால்கூடப் பாதி வழியிலிருந்து திரும்பிப் போகிறவள். அவள் வாயில் இந்தப் பொய்யைப் போட்டுக் கொடுத்தவன் தான்தான் என்று நினைக்கும்போது அவனால் நிமிர முடியவில்லை. பெல்ட் விளக்கு எரிந்தது. விமானம் இறங்கத் தொடங்கியிருந்தது. இனிமேல் எழ விடமாட்டார்கள். அதில் ஒரு நிம்மதி வந்ததையும் அவன் கவனித்தான். அதற்கும் சேர்த்துக் கூசினான்.

விமானம் நின்றதும் எல்லாரும் எழுந்து நெரித்தார்கள். பெரியவர் அவசரப்படவில்லை.

"கூட்டம் போகட்டும். நீ இளவட்டம், எனக்கு ஒரு உதவி பண்ணு. அந்தப் பொண்ணோட பை மேல இருக்கு, எறக்கிக் குடுத்துட்டு வா. எனக்குக் கையை மேல தூக்க முடியாது."

கூட்டம் கரைந்தபின் அவன் பின்னால் நடந்தான். தன் மனைவிக்கு உதவி செய்ய இன்னொருவர் அனுப்பிப் போகிறவனாக நடந்தான். பிரீயின் சட்டை முன்பக்கம் நனைந்து ஒட்டியிருந்தது. கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. தலைக்கு மேலிருந்த பெட்டியைத் திறந்து அவன் பையை இறக்கினான். அவள் அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"ரொம்ப நன்றிங்க."

குரலில் கோபம் இல்லை. வெளியாளிடம் பேசுகிற மரியாதை மட்டும் இருந்தது. அதற்குள் மேஸி "அப்பா" என்று அவன் கழுத்தில் வந்து விழுந்தாள். இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டு, கண்ணீரும் சளியுமாக இருந்த முகத்தை அவன் கழுத்து வளைவில் புதைத்துக்கொண்டாள். அவளுக்கு எதுவும் தெரியாது. ஒரு கையில் குழந்தையோடும் மறு கையில் பையோடும் அவன் முன்னால் நடந்தான். நாலாவது வரிசையில் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். அவர் பார்வை குழந்தையின் கைகளில் நின்றது, பிறகு அவன் முகத்துக்கு வந்தது.

"என் பொண்ணு," என்றான் லாக்லன்.

பெரியவர் தொப்பியைத் தலையில் வைத்துச் சரிசெய்தார். "தெரியுது. மூக்கு உன்னுதுதான்," என்றார். இருக்கைக்குள் ஒதுங்கி நின்று, "நீ முன்னால போம்மா" என்று பிரீக்கு வழிவிட்டார்.

நீண்ட நடைபாதையில் பிரீ இரண்டடி முன்னால் போனாள். சாமான் எடுக்கும் இடத்தில் பெட்டி வந்தது, அவன் எடுத்தான். அவள் தண்ணீர் புட்டியைக் குழந்தைக்குக் கொடுத்தாள். வாசலை நெருங்கும்போது அவன் அவள் பேரைச் சொல்லி அழைத்து, ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அவள் கை காட்டி நிறுத்தினாள்.

"அக்கா முன்னாடி எதுவும் வேண்டாம் லாக்கி. சொல்லிடாதே. எனக்கு வெக்கமா இருக்கு."

வெளியே கார் வரிசையில் டாம்சின் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். பிரீ முகத்தில் விழுந்த தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, சிரித்த முகத்தோடு கதவைத் தாண்டிப் போனாள். பிரயாணம் எப்படி என்று அக்கா கேட்பதும், நல்லா வந்தோம் என்று இவள் சொல்வதும் கேட்டது. அக்காவின் தோளில் சாய்ந்தவள் உடனே நிமிரவில்லை. லாக்லன் வாசலிலேயே நின்றுவிட்டான். கண்ணாடிக் கதவுகள் இரண்டு பக்கமிருந்தும் மூட வந்து, ஆள் நிற்பதை உணர்ந்து மறுபடி விலகின. மேஸி கழுத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். மறுபடி மூட வந்தன, மறுபடி விலகின. அவன் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் போகவில்லை. இது தனக்காக அப்பா காட்டுகிற விளையாட்டு என்று நினைத்து, கதவு திறக்கிற ஒவ்வொரு முறையும் குழந்தை கைதட்டிச் சிரித்தது.