கண்கட்டோடு ஒரு பிள்ளை

பிறந்த கையோடு குழந்தைக்கு மஞ்சள் காமாலை. கண்ணாடிப் பெட்டிக்குள் கண்களைத் துணியால் மூடி, நீல விளக்கின் கீழ் படுக்க வைத்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் குறையாவிட்டால் ரத்தம் மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அறையே தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல், பெட்டியருகே நின்ற தாய்க்குத் தோன்றியது.

"ஜெபம் பண்ணலாம், வா" என்றான் கணவன்.

"நீங்க பண்ணுங்க. முகமே காட்டாத ஆண்டவர்கிட்ட எத்தன தடவதான் கெஞ்சுறது? எனக்கு வாய் வரல."

அவன் தலைகுனிந்து தனியாக முணுமுணுக்கத் தொடங்கினான். குழந்தை வீறிட்டது. அவள் பெட்டியின் துளைவழியே கையை விட்டு அதன் நெஞ்சில் வைத்தாள்.

"அழாதடா தங்கம். அம்மா இங்கதான இருக்கேன்."

அழுகை விம்மலாகி அடங்கியது. பிஞ்சுக் கை அவள் விரலைப் பற்றிக்கொண்டது.

"ஆளத் தெரிஞ்சுக்கிட்டான் பாத்தீங்களா" என்றாள் நர்ஸ்.

"என் முகத்த இவன் இன்னும் சரியா பாத்ததே இல்லயே, சிஸ்டர்."

"முகத்த வச்சு என்ன பண்ணப் போறான்? காலைலேருந்து நானும் கொஞ்சிப் பாத்துட்டேன். ஐயா என்னை மதிக்கவே இல்ல."

அவள் சிரிக்கப் போய்க் கண் கலங்கினாள். நீல வெளிச்சம் அவள் மணிக்கட்டில் ஏறியிருந்தது. கையை எடுக்காமலே கணவன் பக்கம் திரும்பினாள்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. நானும் கூடச் சொல்றேன்."