வரேன் என்று எழுதியவர்

என் வீட்டுக்காரருக்கு யாரிடமும் வெடுக்கென்று பேசி முடிக்கத் தெரியாது. விலாசம் மாறி வந்து மணியடிக்கிற கூரியர்க்காரரிடம்கூட நின்று நலம் விசாரித்துத்தான் அனுப்புவார். இந்தக் குணத்தால் ஊருக்கு நல்லது. கேடு எனக்குத்தான் வந்தது.

பேருந்துப் படியில் தவறி விழுந்ததில் என் இடது கால் எலும்பு முறிந்துவிட்டது. உள்ளே கம்பி வைத்தும் சேரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. காலை ஊன்றவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு. ஊன்றுகோலோடு குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்தபின் அதற்கும் ஒரு பெரிய கும்பிடு போட்டாயிற்று. எங்கள் வீடு முதல் மாடி, லிஃப்ட் கிடையாது. அன்றிலிருந்து எனக்கு இந்த இரண்டு அறைகள்தான். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய்கள். எந்தக் குழாயில் எப்போது தண்ணீர் இறங்கும், எந்த வீட்டில் லேட்டாக எழுந்திருக்கிறார்கள் என்பது வரை எனக்கு அத்துப்படி.

கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பதும் ஃப்ரேம் பொருத்துவதும் என் வேலை. உட்கார்ந்தே செய்துவிடலாம். கடைக்காரம்மா நல்ல மனுஷிதான், ஆனால் நல்ல மனுஷிக்கும் கடை நடக்க வேண்டுமே. “திங்கக்கிழமை வந்துடு. இல்லேன்னா இப்ப வர்ற பொண்ணையே நிரந்தரமா வெச்சுக்கறேன். தப்பா எடுத்துக்காதே” என்று போனில் சொல்லிவிட்டார். என் ஸ்டூலில் யாரோ ஒருத்தி உட்கார்ந்து என் லென்ஸ் பெட்டியைத் திறந்து மூடுகிறாள் என்று நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கீழ்வீட்டு வெல்டர் தம்பி, காலையில் என்னை இறக்கிவிடவும் சாயங்காலம் ஏற்றிவிடவும் தானே கை கொடுப்பதாகச் சொன்னார். பாக்கி ஒரு சக்கர நாற்காலிதான். அதுவும் ஒடுக்கமாக இருக்க வேண்டும். கடையில் கவுன்ட்டருக்கும் சுவருக்கும் நடுவே சாதாரண நாற்காலி நுழையாது. அந்த மாதிரி புதிதாக வாங்க எங்களுக்கு வசதியில்லை. பழைய பொருள்கள் விற்கிற செயலியில் தேடித் தேடிக் கண் பூத்தபிறகு ஒன்று கிடைத்தது.

என் வீட்டுக்காரர் அகலம் கேட்டார். விற்கிறவர் டேப் வைத்து அளந்து படமே அனுப்பிவிட்டு, “நாளைக்கு வீட்லதான் இருப்பேன்” என்று எழுதினார். இவர் உடனே, “ரொம்ப நன்றிங்க. வரேன்” என்று எழுதிவிட்டுப் போனைச் சார்ஜில் போட்டார்.

அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொன்னால் அபசகுனம் மாதிரி, எல்லாரும் ‘வரேன்’ என்றுதானே சொல்கிறோம்? இவர் விடைபெற்றார். அந்த மனிதரோ வாக்குக் கொடுத்ததாக எடுத்துக்கொண்டார். மறுநாள் இவர் வேலைக்குப் போய், திரும்பும் வழியில் கடைக்குள் இடத்தை அளந்து, நாற்காலி நுழையும் என்ற சந்தோஷத்தோடு வந்து செயலியைத் திறந்தால், கணக்கு முடக்கம். விற்பவர் புகார் கொடுத்திருந்தார்: “வரேன்னு சொல்லி நாள் பூரா காக்க வெச்சிட்டார். கேட்டு வந்தவங்களை எல்லாம் திருப்பி அனுப்பிட்டேன்.”

விற்பவர் புகாரை வாபஸ் வாங்கினால் கணக்கு திறக்கும். ஆனால் கணக்கு திறந்தால்தான் அவருக்குத் தகவல் அனுப்ப முடியும். இந்த ஏற்பாட்டைச் செய்த புண்ணியவான் யாரோ, அவனை ஒருநாள் என் வீட்டு முதல் மாடியில் உட்காரவைக்க வேண்டும்.

உதவி எண்ணுக்கு அடித்தோம். ஒரு பெண் எடுத்தாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

“நீங்க சாட்ல வரேன்னு உறுதி குடுத்திருக்கீங்க சார்.”

“இல்லம்மா, வரேன்னா போறேன்னு அர்த்தம்.”

“வரேன்னா எப்படி சார் போறேன்னு அர்த்தமாகும்?”

“ஏம்மா, நீ வீட்லேர்ந்து கிளம்பும்போது என்ன சொல்லிட்டு வருவே?”

“போயிட்டு வரே...” என்று ஆரம்பித்து நடுவில் நிறுத்திக்கொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது, எனக்குத் தெரியும். ஆனால் அவளுக்கும் மேலே யாராவது இருப்பார்கள். “வேற ஏதாவது உதவி தேவைப்படுதா சார்?” என்று எழுதிக்கொடுத்ததைப் படிக்கிற குரலில் கேட்டாள். இவர் வழக்கம்போல அவளுக்கும் நன்றி சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தலையணையைத் தூக்கி அடித்தேன். எழுந்துபோய் அதை எடுத்து வரவும் அவர்தான் வேண்டியிருந்தது.

என் பெயரில் புதுக் கணக்கு தொடங்குவது என்று முடிவானது. ஏமாற்றுக்காரர்கள் பெருத்துவிட்டதால் புதிதாக வாங்க வருகிறவர்களுக்குச் சரிபார்ப்பு உண்டாம். மறுநாள் மத்தியானம் போனில் வந்தது: ‘உங்கள் கட்டடத்துக்கு வெளியே நின்று, கட்டட எண்ணும் உங்கள் முகமும் ஒன்றாகத் தெரியும்படி நேரலையில் காட்டவும்.’

வெளியே. நின்று. நான் இரண்டையும் சத்தமாகப் படித்தேன்.

அப்புறம் இவருக்கே ஒரு யோசனை உதித்தது. ஸ்க்ரூ டிரைவரோடு கீழே போய் கேட்டிலிருந்த எண் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். கைதி மாதிரி அதை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். ‘உள்ளறை வெளிச்சம். ஏற்கப்படவில்லை’ என்றது செயலி. ஜன்னலோரம் நகர்ந்து இன்னொரு தடவை முயன்றோம். பின்னால் தெரிந்த குழாய்கள் செயலிக்குப் பிடிக்கவில்லை. இன்னும் ஒரே வாய்ப்பு, தவறினால் இந்தக் கணக்கும் முடங்கும் என்று எச்சரிக்கை வந்தது.

“இறக்கிடலாம்க்கா” என்றார் வெல்டர் தம்பி. கழற்றிய பலகையைத் தேடிக்கொண்டு அவரே மேலே வந்திருந்தார்.

பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்காரவைத்து, வெல்டர் முன்கால்களையும் இவர் முதுகுப்பக்கத்தையும் பிடித்துத் தூக்கினார்கள். படி திரும்புகிற இடத்தில் நாற்காலி சுவரில் உரசிச் சாய்ந்தது. எனக்கு உயிர் போய் வந்தது. “மெதுவாங்க, மெதுவாங்க” என்று கத்திக்கொண்டே வாசலுக்கு வந்து சேர்ந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் என்னை இறக்கி வைத்துவிட்டு, பலகையைத் திரும்ப மாட்டினார்கள்.

வெயில் நேராக முகத்தில் விழுந்தது. கண் கூசியது. செயலி, இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு, சிரி என்று வரிசையாக உத்தரவு போட்டது. எல்லாவற்றையும் செய்தேன். நிற்கவில்லை என்பதை அது கவனிக்கவில்லை. பச்சை டிக் விழுந்தது. வெல்டர் கைதட்டினார்.

விற்பவருக்கு எழுதினேன். ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டு எழுதினேன். நாற்காலி எனக்குத்தான் வேண்டும், நாளைக்குக் காலையில் வண்டியோடு வந்து எடுத்துக்கொள்கிறோம், இது உறுதி என்றேன். பதில் உடனே வந்தது.

“மன்னிக்கணும்மா. நேத்து ஒருத்தர் ஏமாத்தினதில மனசே விட்டுப்போச்சு. அவருக்கும் இதே பச்சை டிக் இருந்துச்சு. இன்னிக்கிக் காலையில நேர்ல வந்து நின்னவருக்குக் குடுத்துட்டேன்.”

அதை இவரிடம் நீட்டினேன். படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், “வேற கிடைக்கும்” என்றார். திங்கட்கிழமைக்குள் கிடைக்காது என்று அவருக்கும் தெரியும். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, சட்டை வியர்வையில் ஒட்டியிருந்ததைப் பார்த்ததும், துடைத்துக்கொள்ளச் சொல்லி முந்தானையை நீட்டினேன்.

“மேல போலாமா?” என்று கேட்டார். வெல்டர் குனிந்து நாற்காலியின் முன்கால்களைப் பிடித்தார்.

என் கை போய் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. நான் யோசித்துச் செய்யவில்லை. தெருவில் ஒரு பள்ளி வேன் பின்னால் வந்து திரும்பிக்கொண்டிருந்தது. எதிர்க்கடையில் ஷட்டருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி போனில் யாரையோ கிழித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாள். என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அது எவ்வளவு நன்றாக இருந்தது!

“கையை எடும்மா” என்றார் இவர். இத்தனை வருஷத்தில் என்னிடம் குரலை உயர்த்தாத மனுஷன், அப்போதும் உயர்த்தவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், கம்பியிலிருந்து விடுவிக்க ஆரம்பித்தார்.

“இன்னும் கொஞ்ச நேரங்க” என்றேன்.

“வெயிலா இருக்கு.”

“இருக்கட்டுங்க. கொஞ்ச நேரம் விடுங்க என்னை.”

என்னை உட்காரவைக்கவும் எடுத்துப் போகவும் இனி ஒருத்தரைக் கேட்க வேண்டும், அவர் சரி என்றால்தான் எனக்குத் தெரு. எலும்பு முறிந்த அன்றுகூட நான் அழவில்லை. இப்போது அழுதேன். வெல்டர் தம்பி நாற்காலியை விட்டுவிட்டு நிமிர்ந்து அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

இவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரி, ஒரு பத்து நிமிஷம்” என்றார்.