சீக்கிரம் வரவேண்டிய வேளை

சபை பெருகிவிட்டது. ஞாயிறுதோறும் பாதிப் பேர் வெயிலில் நின்றுதான் ஆராதித்தார்கள். கோயிலை எந்தப் பக்கம் நீட்டலாம் என்று பேச ஒரு நாள் எல்லோரும் கூடினார்கள். முன்னால் தெரு, பின்னால் ஓடை, இடப்புறம் பள்ளிக்கூடம். வலப்புறம் தையல்காரரின் வீடு.

தையல்காரர் எழுந்தார். அவருக்கும் மனைவிக்கும் பிள்ளைகள் இல்லை. "நாங்க இருக்கிற வரைக்கும் வீட்டை விட மாட்டோம், ஐயா. எங்க காலத்துக்கு அப்புறம் சபையே எடுத்துக்கட்டும்."

போதகரின் முகம் மலர்ந்தது. "சந்தோஷம். கர்த்தரோட வேளைக்குக் காத்திருப்போம். அது சீக்கிரம் வரணும்னு ஜெபிப்போம்."

சபை முழுவதும் "ஆமென்" என்றது. பழக்கத்தில் தையல்காரரும் சொன்னார். அவர் மனைவி சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்குவாங்க," என்றாள் வீட்டில்.

"போடி, ஜெபத்துல செத்தவன் யாரு?" என்று சிரித்தவருக்கு இருமல் வந்துவிட்டது.

அதன்பின் எல்லோரும் அவர்கள்மேல் அன்பைப் பொழிந்தார்கள். "அண்ணே, இருமல் எப்படியிருக்கு? முகம் வாடிப்போச்சே!" என்று வழிமறித்து விசாரித்தார்கள். மருத்துவரைப் பாருங்கள் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு காலை அவள் கதவைத் திறந்தபோது, சபை மூப்பர் முற்றத்தில் டேப்பை நீட்டி அளந்துகொண்டிருந்தார்.

"சும்மா ஒரு திட்டத்துக்குத்தான்க்கா."

உள்ளே கணவர் இருமினார். மூப்பரின் கை நின்றது. தலையைச் சாய்த்து, இருமல் ஓயும்வரை கேட்டார்.

அவள் கதவைச் சாத்தித் தாழிட்டாள். அதற்குப் பிறகு அவர்கள் கோயிலுக்குப் போகவில்லை. ஆனாலும் ஞாயிறுகளில் சுவருக்கு அப்பாலிருந்து ஜெபம் கேட்டது, முன்பைவிடச் சத்தமாக.