ஓடிப்போனவர்களின் காலைச் சாப்பாடு

1

"ரீச்சர், ஓடிப்போன ஆக்கள் அடுத்த நாள் காலமை என்ன சாப்பிட்டவை?"

மிதுசா என்ற சிறுமி கேட்ட இந்தக் கேள்வியில்தான் இக்கதை பிறந்தது. ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு. பழைய ஆங்கிலேயரின் வீரகாவியங்களைப் பற்றி ஆசிரியை பிறேமா சொல்லிக்கொண்டிருந்தாள். தலைவன் களத்தில் விழுவான். தோழர்களில் சிலர் அவனருகே நின்று சாவார்கள். சிலர் காட்டுக்குள் ஓடுவார்கள். சாவு விதியின் கையில். நிற்பதா ஓடுவதா என்பது மட்டும் மனிதன் கையில்.

"உனக்கு எப்பவும் சாப்பாட்டு நினைப்புத்தான்," என்றான் நிலக்சன்.

"போடா. அவைக்கும் பசிச்சிருக்கும்தானே?"

பிறேமாவுக்கு விடை தெரியும். ஒரு துண்டுப் பாணும் சூடான தேநீரும்.

2

(முதலில் இப்படித் தொடங்கினேன்: "எல்லையாற்றங்கரையில் பனி, உருவிய வாளைப் போல—" வேண்டாம். அங்கே வாள் இல்லை. இரண்டு பெண்களும் ஒரு சோடிக் கையுறையும்தான்.)

முப்பது வருடங்களுக்கு முன், போலந்திலிருந்து அகதிகளாக ஆற்றைக் கடந்து, ஜெர்மன் பக்கத்துக் காட்டில் நடக்கையில் சிவப்பிரியாவுக்குக் கால் பிசகியது. கூட்டிவந்த ஏஜென்ட் நிற்கவில்லை. அவள் தன் கையுறைகளைக் கழற்றித் தோழி பிறேமாவின் கைகளில் மாட்டிவிட்டாள்.

"நீ போடி. நான் மெல்ல வாறன்."

பிறேமா போனாள்.

விடிந்ததும், பிடிபட்ட பிறேமாவுக்குப் பொலிஸ் நிலையத்தில் பாணும் தேநீரும் கொடுத்தார்கள். கூட யாரும் வந்தார்களா என்று கேட்டார்கள். ஏஜென்ட் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னாள்: "தனியத்தான் வந்தனான்." மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் அதே பதில். ஆகவே காட்டுக்குள் யாரும் தேடிப்போகவில்லை.

(இந்த இடத்தில் எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று. கதையை ஒரு மாதம் மூடிவைத்தேன். பிறகு ஒருநாள் ஜெபத்தில், அவளைப் போலப் பதினெட்டு வயதில் அந்தப் பொலிஸ் மேசைக்கு முன்னால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று என்னையே கேட்டேன். மறுபடி எழுத உட்கார்ந்தேன்.)

3

கதைக்கு ஒரு முடிவு: சிவப்பிரியா லைப்சிக்கில் உயிரோடு இருக்கிறாள். இருவரும் ரயில் நிலையத்தில் கட்டிப்பிடித்து— அந்த வரியை அடித்துவிட்டேன். பல வருடம் கழித்துப் பிறேமா அவளைத் தேடச் சொல்லி அதிகாரிகளுக்கு எழுதிய கடிதத்துக்கு, தகவல் இல்லை என்றுதான் பதில் வந்தது. அதை மாற்ற எனக்கு உரிமையில்லை.

இன்னொன்று: வகுப்பில் எல்லாவற்றையும் சொல்லி அழுகிறாள். அதுவும் நடக்கவில்லை. மிதுசாவிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்:

"பாண் சாப்பிட்டவை, பிள்ளை. விழுங்க ஏலாமல் சாப்பிட்டவை."

4

வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு தேவாலய வேலி. குளிருக்கு உடுப்பில்லாதவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஊரார் உடுப்புகளைப் பைகளில் போட்டுத் தொங்கவிடும் வேலி. பிறேமா தடித்த கம்பளிக் கையுறை ஒரு சோடி வாங்கிக்கொண்டு அங்கே வருகிறாள்.

காவியத்து வீரத்துக்கு, கண்டு பாட ஒருவன் வேண்டும். இந்தக் கையுறைக் கடனை ஆண்டவர் ஒருவர் கண்டால் போதும். ஆகவே நான் வீதிப் பக்கம் திரும்பி நிற்கிறேன். நீங்களும் திரும்புங்கள்.

நாம் மறுபடி பார்க்கும்போது வேலியில் பை ஆடிக்கொண்டிருக்கிறது. அவளைக் காணவில்லை.

அதை எடுக்கப்போவது யார் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால், அவருக்குக் கொஞ்சம் சூடான தேநீரும் எழுதுங்கள்.