வேய்ட் ஹோல்கமின் கிதார்

குழுவில் சேர்ந்த முதல் பத்தொன்பது ஆண்டுகளில் வேய்ட் ஹோல்கம் வாசித்த தனி வாசிப்பில் ஒன்றைக்கூட யாரும் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் செத்துப்போன லான்டன் பிக்கெட் வாசித்தது.

எங்கள் ஜார்ஜியா ஹார்ட்விக்கின் ‘ரெட் க்ளே மியூல்ஸ்’ ராக் குழுவில் கிதார்கள் மூன்று. 1972 ஜூனில் கெளுத்தி பிடிக்கப் போன லான்டன் ஓக்மல்கி ஆற்றில் மூழ்கினான். ஆறு வாரம் கழித்து, அவன் இடத்துக்கு அலபாமாவிலிருந்து வேய்ட் வந்தான். மொபைல் நகரத்து முதல் கச்சேரியில், தனி வாசிப்பு வந்ததும் வேய்ட்டின் விரல்கள் ஒரு பக்கம் போயின, ஒலி வேறு பக்கம் போனது. மூன்றாம் தந்தியை லான்டன் இழுத்து நடுக்கும் விதம் அப்படியே கேட்டது. ஒலிபெருக்கியிலிருந்து பழுப்பு ஆற்றுநீர் சொட்டியது. கூட்டம் கைதட்டியது. பாடகன் ஜெப் தார்ப் மட்டும் வெளிறிப்போய் அடுத்த வரியை மறந்தான். தந்திகளை மாற்றினார்கள், கிதாரையே மாற்றினார்கள், பாப்டிஸ்ட் போதகரை அழைத்து ஜெபித்தார்கள். ஒன்றும் மாறவில்லை. இசைத்தட்டுகள் நன்றாக விற்றன. செத்தவனை அச்சு அசலாகப் பின்பற்றுகிறான் என்று பத்திரிகைகள் வேய்ட்டைப் பாராட்டின.

நான்காம் ஆண்டில் அவன் விலகத் துணிந்தான். ஒரு கச்சேரியையும் தவறவிடாத லான்டனின் தாய் மிஸ் ஓலீட்டாவிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது, அவள் பன் போல மெத்தென்ற அந்த ஊர் பிஸ்கட் சுட்டு, மேலே குழம்பு ஊற்றி வைத்தாள்.

“போறியா? போ மகனே. நான் குறுக்க நிக்கல. ஆனா நீ போயிட்டா எம்புள்ள எங்க வந்து வாசிப்பான்?”

“நான் வாசிக்கிறது எனக்கே கேக்கலயே, மிஸ் ஓலீட்டா.”

“எனக்குந்தான் கேக்கல. இன்னும் ரெண்டு பிஸ்கட் வெச்சுக்கோ.”

வேய்ட் சாப்பிட்டான், மறுநாள் குழுவின் பேருந்தில் ஏறினான். அதன்பின் டிரம்ஸ்காரர்கள் இருவர் மாறினார்கள். ஜெப் குடியை விட்டான், மறுபடி பிடித்தான். வேய்ட்டுக்குக் கல்யாணமாகி, விவாகரத்தும் ஆனது. 1991இல் மிஸ் ஓலீட்டா தூக்கத்தில் இறந்தாள். காலை பதினோரு மணி வெயிலில், கல்லறைத் தோட்டத்தில் சின்ன பேட்டரி ஒலிபெருக்கியை வைத்து வேய்ட் ஒரு துதிப்பாடல் வாசித்தான். தண்ணீர் சொட்டவில்லை. எழுந்த ஒலி தயங்கியது, கரகரத்தது, பிறகு மெல்லச் சரிந்து இறங்கியது. அவன் பயந்து கையை எடுத்தான்.

“ஜெப், யாருடா இது? வேற யாரு செத்தது?”

“யாரும் சாகல. அது நீதான்டா, கழுதை.”

வேய்ட் நம்பவில்லை. உட்கார இடம் தேடினான்.

அடுத்த சனிக்கிழமை மேக்கன் கச்சேரியில் லான்டனே வாசித்தான். சொட்டிய ஆற்றுநீர் படாமல் குழுவினர் கால்களை ஒதுக்கிக்கொண்டார்கள். இன்னும் இருபத்திரண்டு ஆண்டுகள் அப்படியே நடந்தது. ஊரில் இருக்கும் வாரங்களில், செவ்வாய்க்கிழமை காலை, வேய்ட் மிஸ் ஓலீட்டாவின் கல்லறைக்குப் போய் வாசிப்பான். அவன் ஒலி அங்கே மட்டும்தான் வரும். அது தெரிந்ததால், அவன் வண்டி வாசலில் திரும்பியதும் புல்வெட்டுபவர்கள் இயந்திரங்களை நிறுத்திவிடுவார்கள்.