வெல்வெட் ஒட்டாத பள்ளம்

தையல் மெஷினின் இழுப்பறையை முழுதாக உருவி மடியில் வைத்துக்கொண்டு தேடியும் பெரிய கத்தரிக்கோல் கிடைக்கவில்லை. பாபின்கள் இருந்தன, கொக்கி டப்பா இருந்தது, அளவுக்கென்று யாரோ கொடுத்துவிட்டு மறந்துபோன ஒரு சட்டைக் கைகூட இருந்தது. கத்தரிக்கோலை மட்டும் காணோம். தையல்காரம்மா இழுப்பறையைத் திரும்பச் சொருகினாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது. அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

உள்ளறையில் வண்டிக்காரர் காத்துக்கொண்டிருந்தார். சவ வண்டி ஓட்டுவது, உடம்பைத் துடைப்பது, உடுத்திவிடுவது எல்லாம் அவர் ஒருவரே. தையல்காரம்மாவின் தம்பியைக் கட்டிலில் கிடத்தி வெள்ளை விரிப்பால் மார்புவரை மூடியிருந்தார். தலைமாட்டில் தம்பியின் மனைவி உட்கார்ந்திருந்தாள். நேற்று மாலையிலிருந்து அந்த நாற்காலியை விட்டு அவள் எழவில்லை.

"கை மடங்க மாட்டேங்குதும்மா" என்றார் வண்டிக்காரர். "சட்டைய முதுகுப் பக்கம் மேலேர்ந்து கீழ வரைக்கும் வெட்டிட்டா, முன்னாலேர்ந்து மாட்டி ரெண்டு பக்கமும் சொருகிடலாம். எங்கிட்ட இருக்கற கத்தரி கட்டு பிரிக்கறது. நல்ல துணியக் கடிச்சு வச்சிடும்."

"நான் தச்ச சட்டை. நானே வெட்டறேன். கொஞ்சம் இருங்க."

"சரிம்மா. இதெல்லாம் பாக்கெட்ல இருந்துது." பழைய சட்டைப் பையிலிருந்து எடுத்தவற்றை அவர் அவளுடைய உள்ளங்கையில் வைத்தார். ஒரு துண்டுப் பென்சில். தம்பி லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த காலமெல்லாம் பையில் சொருகிக்கொண்டு திரிந்த சின்னத் திருப்புளி. அப்புறம் கருஞ்சிவப்பு வெல்வெட் துணி ஒன்று, நான்காக மடித்தது.

வெல்வெட்டை அவள்தான் நேற்றுக் காலையில் கொடுத்திருந்தாள். முனகிக்கொண்டேதான் கொடுத்தாள். "எல்லாத்துக்கும் ஒட்டியாச்சேடா, இன்னும் எதுக்கு?" என்று கேட்டபோது அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இன்னும் ஒண்ணு பாக்கியிருக்குக்கா" என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டான்.

"ஏம்மா, என் கத்தரிய பாத்தியா?"

தம்பி மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கத்தரிக்கோலை வீட்டில் வேறு யாரும் தொடக்கூடாது. ஒருமுறை இவள் அதை எடுத்துப் பால் கவரை வெட்டிவிட்டாள் என்பதற்காகத் தையல்காரம்மா அவளோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். நடுவில் தம்பிதான் இரண்டு பக்கமும் தூது போய்க் களைத்துப்போனான்.

"பின் ரூம்ல பாருங்க அண்ணி" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

பின்னறைக் கதவைத் தள்ளியதும் தேக்குத்தூள் வாசனை முகத்தில் அடித்தது. நேற்றுத் தேநீரோடு இந்தக் கதவைத் திறந்தவள் அவள்தான். தம்பி முக்காலியில் உட்கார்ந்தபடியே வேலைப் பலகைமீது தலையைச் சாய்த்திருந்தான். தூங்குகிறான் என்றுதான் நினைத்தாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உயிர் போய் நெடுநேரம் ஆகியிருக்கும் என்றார். அவளுக்கு அது விளங்கவே இல்லை. தேநீர் கொதிக்கும்போதுகூடப் பின்னறையில் உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் அவள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. சர்ர், சர்ர் என்று, நிதானமாக. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கொரு மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள்.

தம்பி செய்துகொண்டிருந்த ஸ்டாண்டு சுவரோரமாக நின்றது. அவள் தோளுயரம் இருக்கும். அகலமான தேக்குப் பலகையில் வரிசையாகப் பள்ளங்கள் குடைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பழைய கருவி படுத்திருந்தது. இழைப்புளி, கொத்தனார் கரண்டி, செருப்புத் தைக்கிற குத்தூசி, கையால் அழுத்தி முடிவெட்டும் மெஷின், பெயர் தெரியாத இன்னும் சில. எல்லாமே செத்துப்போனவர்களுடையவை.

அதுதான் அவனுடைய சட்டம். ஊரில் உள்ள லிஃப்ட்டுகளையெல்லாம் பழுது பார்த்தவனுக்கு எந்த வீட்டில் யார் போய்விட்டார் என்பது முதலில் தெரிந்துவிடும். கைப்பிடி தேய்ந்த கருவி ஏதாவது இருந்தால் கேட்டு வாங்கி வருவான். உயிரோடு இருப்பவர் கொடுத்தால் மட்டும் தொடமாட்டான். ஓய்வுபெற்ற கொத்தனார் ஒருவர் பெரிய மனசு பண்ணித் தன் கரண்டியை வீடு தேடிக் கொண்டுவந்து நீட்டினார். "நீங்கதான் இருக்கீங்களேண்ணே, அப்புறமா வாங்கிக்கறேன்" என்று இவன் திருப்பிக் கொடுத்துவிட்டான். "அப்ப நான் எப்ப போவேன்னு காத்துக்கிட்டு இருக்கியா?" என்று அவர் தெருவே கேட்கக் கத்திவிட்டுப் போனார். அந்தக் கரண்டிதான் இப்போது இரண்டாவது பள்ளத்தில் கிடக்கிறது.

ஸ்டாண்டு வருவதற்கு முன்னால் இவையெல்லாம் சுவரில் ஆணியில் தொங்கின. தெருவில் பஸ் போகும்போதெல்லாம் ஒன்றோடொன்று உரசி முணுமுணுக்கும். ராத்திரியானால் தையல்காரம்மாவுக்குத் தூக்கம் போய்விடும். "செத்தவனுங்கள எல்லாம் வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்து வச்சிருக்க. எல்லாரும் கூடிப் பேசறானுங்கடா" என்று சண்டை போட்டாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அவளுக்குப் பயமாக இருந்தது. முகம் தெரியாத மனிதர்களின் உள்ளங்கை பட்டுப் பட்டு வழுவழுப்பான பிடிகள். இருட்டில் அந்தப் பிடிகளைத் தேடிக் கைகள் வருவதாகவே தோன்றும். அதற்காகத்தான் அவன் ஸ்டாண்டு செய்ய ஆரம்பித்தான். ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்திலேயே பள்ளம் குடைந்து, உள்ளே வெல்வெட் ஒட்டினான். ஒட்டிய அன்று பஸ் போனபோது அக்காவைக் கூப்பிட்டு நிற்கவைத்து, "இப்பக் கேளு, ஒருத்தனாவது வாயத் திறக்கறானா?" என்று காட்டினான். ஒருத்தனும் திறக்கவில்லை.

வரிசையின் கடைசியில் அவளுடைய கத்தரிக்கோல் இருந்தது.

அவள் அதைப் பார்த்தபடி நின்றாள். விளக்கைப் போட்டுவிட்டு மறுபடி பார்த்தாள். முனை கீழாக, வளையங்கள் மேலாக, எண்ணெய் விட்ட திருகாணிக்குக்கூட இடம்விட்டு மரத்தைக் குடைந்திருந்தான். வெல்வெட் மட்டும் ஒட்டவில்லை. புது மரம் வெளிறித் தெரிந்தது. அதற்கு அப்பால் பலகையில் இடம் இல்லை.

அவள் கை தானாக வயிற்றின் வலப்பக்கத்துக்குப் போயிற்று. இரண்டு மாதமாக அங்கே வலி. பரிசோதனையெல்லாம் எடுத்தார்கள். போன வாரம் முடிவைக் கேட்க அவளைக் கூட்டிப்போகாமல் தம்பியும் அவன் மனைவியும் மட்டும்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே, "ஒண்ணுமில்லக்கா, புண்ணுதான். மாத்திரையில சரியாயிடும்" என்றான். மறுநாள் காலையிலிருந்து சாப்பாட்டுக்குக்கூட வராமல் பின்னறையே கதியென்று கிடந்தான். ஸ்டாண்டை முடிக்கிற வேகம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். வேகம்தான். எதற்கான வேகம் என்பது இப்போதுதான் உறைத்தது.

கத்தரிக்கோலை எடுக்க இழுத்தாள். வரவில்லை. அவ்வளவு கச்சிதமாகப் பிடித்திருந்தது. வளையத்துக்குள் விரல்விட்டு இரண்டு கையாலும் இழுத்தபோதுதான் மரம் அதை விட்டது.

உள்ளறைக்குத் திரும்பியவள் சட்டையை மேசைமேல் குப்புற விரித்தாள். இளம்பச்சைச் சட்டை. சகலரும் மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று கேலி செய்ததால் அவன் இரண்டே தடவை போட்டுவிட்டு மடித்து வைத்தது. காலரின் நடுவில் கத்தரிக்கோலின் வாயை வைத்தாள். வெட்டவில்லை.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

தம்பி மனைவி நிமிர்ந்தாள். "புண்ணுதான்னு..."

"அத அவன் சொன்னான். டாக்டர் என்ன சொன்னாருன்னு கேக்கறேன்."

வண்டிக்காரர் தொண்டையைச் செருமினார். "நான் வெளிய நிக்கறேன்மா."

"நில்லுங்க. கையப் பிடிக்க ஆள் வேணும்."

தம்பி மனைவி விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். சரியாக இருந்ததை மறுபடியும் சரிசெய்தாள். பிறகு அந்த ஓரத்திடமே சொல்வதுபோலச் சொன்னாள். "பரவிடுச்சாம் அண்ணி. இனிமே ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனம் இல்லன்னாரு. இந்த வருஷம் தாண்டினாலே பெரிசுன்னாரு."

வெளியே யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"அதான் அளவெடுத்தானா?"

"நான் வேணாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேக்கல. நேத்து நீங்க பிளவுஸ் குடுக்கப் போனப்பதான் கத்தரிய எடுத்தாரு. 'அவ போனப்புறம் என்னால அதக் கையில எடுக்க முடியாதுடி. அப்ப கை நடுங்கும், அளவு தப்பிடும். அவ இருக்கும்போதே செஞ்சாத்தான் உண்டு'ன்னாரு. நீங்க வர்றதுக்குள்ள திருப்பி வச்சிடுவேன்னு சொன்னாரு அண்ணி."

தம்பி மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

தையல்காரம்மா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். புருவத்தில் இன்னும் கொஞ்சம் தேக்குத்தூள் ஒட்டியிருந்தது. விரல் நுனிகளில் பசை காய்ந்து தோலோடு தோலாக ஆகியிருந்தது. கோபம்தான் முதலில் வந்தது. இவனுக்கு முதல் கால்சட்டை தைத்துப் போட்டவள் அவள். ஊசியில் நூல் கோக்கத் தெரியாத வயதிலிருந்து அவளிடம் ஒரு பொய்யை முழுதாகச் சொல்லி முடிக்கத் தெரியாதவன். சொன்ன ஒரே பொய்யை இவ்வளவு நேர்த்தியாகச் சொல்லிவிட்டு, அது உடையும் நேரத்தில் ஆளே இல்லாமல் போய்விட்டான்.

"எனக்குக் குழி வெட்டிட்டு நீ போய்ப் படுத்துக்கிட்டியாடா?" என்றாள்.

அப்போதுதான் அழுகை வந்தது. தனக்காக அழுகிறாளா அவனுக்காகவா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை. வண்டிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அழுது முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சட்டையை வெட்டினாள். காலரிலிருந்து கீழ் மடிப்புவரை ஒரே வெட்டு. கை நடுங்கவில்லை.

மூன்று பேருமாகச் சேர்ந்து உடுத்தினார்கள். கையை உள்ளே விடும்போது வண்டிக்காரர் தானறியாமல், "கொஞ்சம் பொறுத்துக்கங்க சார்" என்றார். பொத்தான்களை மேலிருந்து கீழாகத் தையல்காரம்மாவே போட்டாள். பிறகு ஊசியில் நூல் கோத்துக்கொண்டு வந்தாள்.

"எதுக்கும்மா? பின்பக்கம் யாரும் பாக்கப் போறதில்ல."

"பிரிஞ்சு பிரிஞ்சு நூல் வரும். அவனுக்குப் பிடிக்காது."

வண்டிக்காரர் உடம்பை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டார். அவள் வெட்டிய இடத்தை மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று தையல் போட்டு இணைத்தாள். கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து அறுக்கக் குனிந்தபோது அவன் முதுகு கன்னத்தில் பட்டது. அவ்வளவு குளிர்ச்சியை அவள் எதிர்பார்க்கவில்லை. சற்று நேரம் அப்படியே குனிந்திருந்தாள்.

தூக்கும்போது மாடி வீட்டுக்காரர் ஒரு பக்கம் பிடித்தார். "ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் ஒத்தையா மேல ஏத்தி எறக்கின மனுசன். இவரத் தூக்க நாலு பேரு வேண்டியிருக்கு பாருங்க" என்றார். சொன்னபிறகு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று விழித்தார். தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி இருந்தால் அவன்தான் முதலில் சிரித்திருப்பான்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். தம்பி மனைவி அதே நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தாள். இப்போது அதன் முன்னால் கட்டில் மட்டும்தான் இருந்தது.

தையல்காரம்மா பின்னறைக்குப் போனாள். கத்தரிக்கோல் அவள் இடுப்பில் சொருகியிருந்தது. ஸ்டாண்டின் முன் நின்று கடைசிப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தாள். உப்புத்தாள் போட்டு முடித்திருந்தான். ஒரு சிலாம்புகூட இல்லை. ஓரத்தில் ஓரிடம் மட்டும் சொரசொரவென்று இருந்தது. தேய்க்காமல் விட்டுப்போன இடம். அவள் காதில் அந்தச் சத்தம் மறுபடி கேட்கிறதா என்று பார்த்தாள். கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

"எனக்கு இன்னும் தைக்கறதுக்கு இருக்குடா" என்றாள், பலகையிடம்.

முந்தானையில் வெல்வெட்டோடு முடிந்து வைத்திருந்த திருப்புளியை எடுத்து அந்தப் பள்ளத்தில் வைத்தாள். அது அங்கே தொலைந்துபோனது. கத்தரிக்கோலின் இரண்டு வளையத்துக்கும் இரண்டு அலகுக்குமாக வெட்டிய இடத்தில் சின்னத் திருப்புளி எந்தப் பக்கமும் ஒட்டாமல் சாய்ந்து நின்றது. விளக்கை அணைத்துவிட்டு வந்துவிட்டாள்.

முன்னறையில் இழுப்பறை இன்னும் பாதியில் சிக்கி நின்றது. மடித்த வெல்வெட்டை அதில் பாபின்களுக்கு அடியில் வைத்து, முழங்காலால் முட்டி மூடினாள். கத்தரிக்கோலை மெஷினின் வலப்பக்கம், எப்போதும் வைக்கும் இடத்தில் வைத்தாள். பாதியில் நின்ற பிளவுஸ் ஒன்றை எடுத்து ஊசிக்கடியில் கொடுத்து மிதிக்க ஆரம்பித்தாள்.

தெருவில் பஸ் ஒன்று போயிற்று. தரை அதிர்ந்தது. பின்னறையில் இழைப்புளி பேசவில்லை, கொத்தனார் கரண்டி பேசவில்லை. ஒன்று மட்டும் மரத்தில் மோதியது. டக். டக்.

தம்பி மனைவி உள்ளறையிலிருந்து எழுந்து வந்து வாசற்படியில் நின்றாள். அவளும் கேட்டிருந்தாள்.

"சத்தம் வருது அண்ணி" என்றாள் மெதுவாக. "அந்த வெல்வெட்டு இருக்குல்ல. நான் வேணா ஒட்டிடவா?"

"இருக்கட்டும்மா. போய் முகத்தக் கழுவு."

அவள் போனாள். தையல்காரம்மா மறுபடி மிதித்தாள். தோள்பட்டைத் தையல் முடிந்து கைப்பக்கம் திருப்பும்போது, தெருமுனையில் அடுத்த பஸ் கியர் மாற்றித் திரும்புவது கேட்டது. அவள் காலை எடுத்தாள். இன்னும் சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தை உள்ளங்கையால் பிடித்து நிறுத்தினாள்.