பின்சீட்டு ஆத்தா

எங்கள் மக்காச்சோளக் காட்டு மூலையில் நின்ற பிளிமத் காரின் பின்சீட்டில் புற்று வளர்ந்து, அதில் ஆத்தா குடியேறிப் பல வருஷம் ஆகியிருந்தது. அமெரிக்கக் கார். என் மாமனார் ஏதோ ஏலத்தில் ஆசைப்பட்டு எடுத்து, ஒரு தடவைகூட ஓட்டாமல் போய்ச் சேர்ந்தார். தரைத்தகடு துருப்பிடித்து உதிர்ந்த வழியாகக் கரையான் ஏறி, சீட்டைத் தின்று, ஆள் உட்கார்ந்த உயரத்துக்கு மண்ணை எழுப்பிவிட்டது. ஆடி வெள்ளிக்கு ஊர்ப் பெண்கள் கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியாகக் கையை விட்டு மஞ்சள் பூசி, முட்டை வைத்து, பால் ஊற்றுவோம். கார் ஜன்னலில் எட்டிப் பார்த்துச் சாமி கும்பிடுகிற ஊர் வேறெங்கே இருக்கிறது?

என் வீட்டுக்காரர் உத்திராபதி அரியலூருக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். போன வருஷம் பக்கவாதம் வந்து திருச்சியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அந்த ஜன்னலில் தலையை விட்டுக் கதறினேன். "உசுர மட்டும் குடு ஆத்தா, வேற ஒண்ணும் கேக்கல." அவளும் சொன்னபடி உயிரை மட்டும் கொடுத்தாள். கால் தேறியது. வலது கை துவண்டு தொங்கியது. வாய்க்கு ஒன்றும் இல்லை என்றுதான் டாக்டர் சொன்னார், ஆனால் மனுஷன் பேச்சை விட்டுவிட்டார். கொட்டாவியைக்கூட ஊருக்குக் கேட்கிற மாதிரி விட்டவர், இப்போது சாப்பிடுறீங்களா என்றால் தலையாட்டுவார், தூங்குறீங்களா என்றாலும் தலையாட்டுவார். அந்த ஊமை வீட்டில் சோறு பொங்குவதே எனக்குக் கசந்துபோனது.

ஒரு மத்தியானம் கட்டிலில் உட்கார்ந்து காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "அந்த வண்டிய ரெடி பண்ணணும்" என்றார்.

கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். மாதக்கணக்கில் அவர் தானாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

பக்கத்து வீட்டு இருசம்மாள்தான் புற்றுக்கு விளக்கு வைப்பவள். கேட்டதும் பதறினாள். "ஆத்தா உக்காந்திருக்குற வண்டிய எவன்டி தொடுவான்? இருக்குற கையும் போயிடும்."

எனக்கு ஆத்திரம் தாளவில்லை. சாயங்காலம் பாலும் இல்லாமல் முட்டையும் இல்லாமல் போய் ஜன்னலில் நின்றேன். "குடுத்த, ஒத்துக்குறேன். பாதியக் குடுத்துட்டு மீதிய மடியில வச்சிருக்கியே, நல்லாருக்கா?" என்று வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்து படுத்தேன்.

கனவில் காடு முழுக்கத் தண்ணீர். எங்கள் பக்கம் ஒரு காலத்தில் கடல் இருந்ததாம். வீட்டுக்காரர் லாரியில் ஏற்றிவந்த கல்லில் சில சமயம் சங்கும் நத்தையும் பதிந்திருக்கும். அந்தக் கடல் திரும்பி வந்து சோளத்துக்கு மேல் நீலமாக நின்றது. பிளிமத் சத்தமே இல்லாமல் மிதந்து போனது. பின்சீட்டில் மஞ்சள் முகத்தோடு ஒருத்தி உட்கார்ந்து கதவுக் கைப்பிடியைத் திருகித் திருகிப் பார்த்தாள். "எத்தினி வருசமா எறங்கப் பாக்குறேன்டி, கதவு தெறக்க மாட்டேங்குது" என்றாள். இறங்கவேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட்டவள் போலத்தான் சொன்னாள், கோபமாக இல்லை.

விடிந்ததும் இருசம்மாளிடம் ஓடினேன். எங்கள் ஊரில் ஆத்தா கனவில் வந்து சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அப்ப ஆத்தாளத் தொடாம வண்டிய மட்டும் தூக்குங்க."

பூலாம்பாடியிலிருந்து மெக்கானிக் முத்துவேல் வந்தான். வீட்டுக்காரரின் லாரிக் காலத்துக் கூட்டாளி. புற்றைச் சுற்றியிருந்த சீட்டுக் கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தான். பிறகு இரும்புக் குழாய் நட்டுச் சங்கிலி கட்டி, காரை நேர் மேலே தூக்கினான். தலைவழியே சட்டையைக் கழற்றுகிற மாதிரி கார் மெதுவாக ஏற, புற்று மண் உதிராமல் தரையிலேயே நின்றது. பெண்கள் குலவை போட்டோம். முதல் முறையாக ஆத்தா மேல் வெயில் பட்டது.

கார் எங்கள் மாட்டுக்கொட்டகைக்கு வந்து கட்டைமேல் ஏறியது. எஞ்சினை முத்துவேல் பிரித்தான். வீட்டுக்காரர் இடது கையால் நாள் முழுக்க உப்புத்தாள் தேய்த்தார். கறுப்புக்கு அடியில் வெள்ளை, அதற்கும் அடியில் நீலம் வந்தது. என் கனவுத் தண்ணீரின் நீலம். பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன், அடுப்பில் குழம்பு தீய்ந்துபோனது. ஆனால் பேச்சு மட்டும் வரவில்லை. ஸ்பேனர் வேண்டுமென்றாலும் கையைத்தான் காட்டுவார்.

எஞ்சின் உயிர் பிடித்த பிறகு ஒரு சிக்கல். அந்தக் காரில் கியர் தரையில் இல்லை. ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. இருக்கிற ஒரு கை ஸ்டியரிங்கைப் பிடித்தால் கியரை யார் போடுவது? முத்துவேல் தலையைச் சொறிந்தான். வீட்டுக்காரர் குச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முன்சீட்டு, திண்டு மாதிரி ஒரே நீளம்.

"ஏறு" என்றார்.

அன்றிலிருந்து சாயங்காலம்தோறும் கட்டைமேல் நின்ற காரில் ஒட்டி உட்கார்ந்து பழகினோம். அவர் கிளட்சை மிதிப்பார், நான் குச்சியைத் தள்ளவேண்டும். முதல் நாள் எப்போது தள்ளுவது என்று தலையாட்டிக் காட்டினார். நான் அசையவில்லை. மறுபடி ஆட்டினார்.

"தலையாட்டுனா எனக்குத் தெரியாது. வாயத் தெறந்து சொல்லுங்க" என்றேன். நன்றாகவே தெரிந்தது.

கிளட்சை இன்னொரு தடவை மிதித்து, "ஒண்ணு" என்றார்.

ஒண்ணு, ரெண்டு, மூணு. அந்த வண்டிக்கு அவ்வளவுதான் கியர். நகராத வண்டியில் பெரம்பலூர் தாண்டி, எறையூர்க் கரும்பு தாண்டி எங்கெங்கோ போய்வந்தோம். இறங்கினால் பழையபடி வாயை மூடிக்கொள்வார்.

கார்த்திகையில் ஒரு காலை, நீல வண்டி நிஜமாகவே வெளியே வந்தது. புற்றருகே நிறுத்திச் சூடம் கொளுத்தினேன். இருசம்மாள் புற்றுக்கு மேல் போட்டிருந்த புதுக் கீற்றுக் கொட்டகையில் நின்று கையசைத்தாள். ஒண்ணு என்றார், தள்ளினேன். குன்னம் ரோடு ஏறியதும் ரெண்டு. நேர்ச்சாலை வந்ததும் மூணு.

அவ்வளவுதான். இனிச் சொல்ல ஒன்றும் பாக்கியில்லை. குச்சியில் கையை வைத்தபடி அந்தப் பழைய ஊமைத்தனம் திரும்பி வரக் காத்திருந்தேன். இரண்டு பக்கமும் சோளம் பனியில் ஆடியது.

"வளரு."

என் பேரைக் கேட்டுத் திரும்பினேன்.

"சோளம் பூவெடுத்துருச்சு பாரு. போன வருசம் நான் பாக்கவேயில்ல. மழ நல்லாப் பேஞ்சுதா அப்ப? நீ ஒண்டியாவா அறுப்பறுத்த?"

தலையாட்டினேன்.

அவர் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார். "தலையாட்டுனா எனக்குத் தெரியாது. வாயத் தெறந்து சொல்லு."